எதிர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், கிழக்குத் தாம்பரத்தில் சுற்றிலும் மரங்கள் நிற்கும் ஒரு பெரிய மைதானம். காலையிலேயே வெயில் சுரீரென்று ஏறத் தொடங்கியிருந்தது. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலைப் பிடித்து அங்கே வந்து சேர்ந்திருந்தேன். சீனியர் டிவிஷன் மாட்ச். சென்னை லீக்கில் அதற்கு மேல் டிவிஷன் கிடையாது. அன்றைக்கு விளையாடுவேன் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. நான் டீமின் இரண்டாவது கோல்கீப்பர்.

இரண்டாவது கோல்கீப்பர் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்ற இடங்களில் ஆடுபவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது மூச்சு வாங்கும், கால் பிடித்துக்கொள்ளும், கோச்சுக்குக் கோபம் வரும். கடைசியில் சில நிமிடங்களாவது உள்ளே போய் ஓடிவிட்டு வரலாம். கோல்கீப்பரை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். நன்றாக ஆடினால் ஏன் மாற்ற வேண்டும்? மோசமாக ஆடினால், நடுவில் மாற்றினால் பையன் இன்னும் உடைந்துபோவான் என்பார்கள். ஆக, முதல் கோல்கீப்பருக்கு ஏதாவது ஆனால்தான் இரண்டாவது கோல்கீப்பருக்கு வாழ்வு. இலவு காத்த கிளிக்காவது கடைசியில் பஞ்சு பறப்பதைப் பார்க்கக் கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை.

ஆனால் வேலை மட்டும் உண்டு. மாட்சுக்கு முன்னால் முதல் கோல்கீப்பருக்கு வார்ம்-அப் கொடுப்பது இரண்டாவது ஆளின் வேலை. மற்றவர்கள் எல்லாரும் கூட்டமாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் கோல் பக்கம் ஒதுங்கிவிடுவோம். நான் உருட்ட வேண்டும், அவர் குனிந்து எடுக்க வேண்டும். நான் உதைக்க வேண்டும், அவர் பாய்ந்து பிடிக்க வேண்டும். அவர் உடம்பு சூடாகி, கை பந்துக்குப் பழகியதும், ரெஃபரி விசில் ஊதுவார். அவர் உள்ளே நிற்பார். நான் ஜெர்சிக்கு மேல் மாற்று ஆட்டக்காரர்கள் போடும் பச்சைப் பனியன் ஒன்றை மாட்டிக்கொண்டு, பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு, பெஞ்சின் ஓரத்தில் போய் உட்காருவேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பவனைக்கூட வீடியோவில் எடுப்பார்கள்.

பள்ளியில் மாவட்ட அணி, கல்லூரியில் பல்கலைக்கழக அணி என்று ஆடிவிட்டு வந்தவன் நான். இந்தக் கிளப்பின் டிரையலில் தேர்வானபோது அம்மா காலனி முழுக்கக் கேக் கொடுத்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, 'எப்போப்பா உன்னை டிவியில பார்க்கிறது?' என்று கேட்டார். இரண்டாவது சீசன் முடியப்போகிற நேரத்தில் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

முதல் கோல்கீப்பரைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வியாசர்பாடிக்காரர், என்னைவிடப் பல வருடம் மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வெளியூர் ஆட்டக்காரர்களுக்காகக் கிளப் பம்மலில் ஒரு வீடு எடுத்துக் கொடுத்திருந்தது. தினமும் வடசென்னையிலிருந்து வந்துபோக முடியாது என்று அவரும் அங்கேயே தங்கிவிட்டார். பேச்சு குறைவு. நான் நன்றாகப் பந்து போட்டால் தலையை ஆட்டுவார். சரியில்லை என்றால், 'ஒழுங்கா போட்றா' என்பார். இரண்டு வருடத்தில் எங்களுக்குள் நடந்த உரையாடல் அநேகமாக அவ்வளவுதான்.

தாம்பரத்தில் காலை பிராக்டீஸ் முடிந்ததும் பம்மல் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து கத்திக்கொண்டே போவார்கள். நான் எதிர்ப்பக்கம் நடந்து தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் செங்கல்பட்டு ரயிலுக்குக் காத்திருப்பேன். அந்த நேரத்தில் பிளாட்பாரம் முழுக்க ஆபீஸ் போகிற கூட்டம். எல்லாருக்கும் போய்ச்சேர ஓர் இடம் இருந்தது, அங்கே அவர்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது. நான் மட்டும் வியர்த்த சட்டையும் சேறு ஒட்டிய பையுமாக, ஒன்றும் செய்யாமலே களைத்துப்போய் நிற்பேன்.

இன்னொரு சங்கடம் உண்டு, அதை வெளியே சொல்லவும் முடியாது. எங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. அம்மா தினமும், 'பையனுக்கு ஒரு வாய்ப்பைக் கட்டளையிடும் ஆண்டவரே' என்று ஜெபிப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு நெளிவேன். அம்மாவுக்குக் கால்பந்து தெரியாது. அந்த வாய்ப்பு வர வேண்டுமென்றால் பம்மலில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு நல்ல மனிதருக்கு ஏதாவது கெடுதல் நடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அம்மா ஆமென் சொல்லும்போது நான் சொல்வதா வேண்டாமா என்றே ஒவ்வொரு நாளும் குழம்புவேன்.

அப்பா சர்ச் கமிட்டியில் இருப்பவர், ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. கோபக்காரர் அல்ல, ஆனால் குத்தலாகப் பேசுவதில் கெட்டிக்காரர். அந்த ஞாயிறுக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டில், 'லெந்து காலத்துல ஆராதனையை விட்டுட்டு பெஞ்ச்ல உட்காரப் போறியா? பெஞ்ச் சர்ச்சிலயும் இருக்குடா' என்றார். அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அப்பா சாதாரணமான குரலில், 'இந்த சீசனோட பார்த்துக்கலாம். ஒரு மாட்ச்சாவது ஆடினா சரி. இல்லேன்னா ஜூன்ல பேங்க் எக்ஸாம் கோச்சிங் சேர்ந்துடு' என்றார். சீசனில் நான்கு மாட்ச்தான் பாக்கி இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பே இல்லாததுதான் பிரச்சினை.

நகரத்து ஸ்டேடியத்தில் ஏதோ வேலை நடந்துகொண்டிருந்ததால் அந்த மாட்சைத் தாம்பரத்துக்கு மாற்றியிருந்தார்கள். எங்கள் சர்ச்சிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். அப்பாவையும் அம்மாவையும் வாங்க என்று கூப்பிட நினைத்தேன். வந்து எதைப் பார்ப்பார்கள்? நான் பந்து பொறுக்குவதையா? வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வார்ம்-அப் வழக்கம்போல்தான் ஆரம்பித்தது. உருட்டினேன், எடுத்தார். இடுப்பு உயரத்துக்கு அடித்தேன், பிடித்தார். பிறகு பெனால்டி ஏரியா கோட்டிலிருந்து தாழ்வான ஷாட். அதுவும் தினமும் செய்வதுதான். கோலுக்கு முன்னால் புல் காய்ந்து, தரை மொட்டையாக இருந்தது. பந்து அங்கே குத்தி, தாழ்வாகப் போக வேண்டியது திடீரென்று எகிறிவிட்டது. அண்ணா கையை மாற்றுவதற்குள் அவருடைய இடது கட்டைவிரலில் பட்டது. ஒரு சத்தம் கேட்டது. அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். பல்லால் கடித்து கிளவுஸைக் கழற்றினார். விரல் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை.

நான் வேண்டுமென்று அடிக்கவில்லை. இன்றைக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் கொடுமை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காக்கைக்கு எந்த வக்கீல் வாதாடுவான்?

கோச் ஓடிவந்தார். மானேஜர் வந்து விரலைப் பார்த்துவிட்டு, 'ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்' என்றார். அண்ணா எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுகிற பார்வையா, வலியில் பார்த்த பார்வையா, எனக்குப் புரியவில்லை. பிறகு மானேஜரின் பைக்கில் ஏறிப் போய்விட்டார். கோச் என்னிடம், 'நீ ரெடியாகு' என்றார். உடனே ஆடுபவர்களின் பட்டியலை மாற்றி எழுத மேசைப் பக்கம் போய்விட்டார்.

இரண்டு வருடமாக நான் காத்திருந்த சொல் அது. எத்தனையோ முறை ரயிலில் நின்றபடி அதைக் கற்பனை செய்திருக்கிறேன். கற்பனையில் யாராவது முதுகில் தட்டுவார்கள், யாராவது 'கலக்குடா மச்சான்' என்பார்கள். நிஜத்தில் எங்கள் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஒருவர், பம்மல் வீட்டில் அண்ணாவோடு ஒரே அறையில் இருப்பவர், என்னைக் கடந்து போகும்போது நின்று, 'இன்னாடா, ஆசப்பட்டது கெடச்சிதா?' என்றார். கேட்டுவிட்டு நிற்கவில்லை, போய்விட்டார். சுற்றி நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் அவரை மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

பையின் அடியிலிருந்து கிளவுஸைத் தேடி எடுத்து மாட்டினேன். கை சில்லிட்டிருந்தது, அந்த வெயிலிலும். அதுவரை நான் உதைத்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு பந்தையும் பிடித்திருக்கவில்லை. கை மரத்துப்போன கோல்கீப்பர் உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் பந்தே வழுக்கும். அது கோலுக்குள் போனால் சீசன் முடிந்தது, என் கதையும் முடிந்தது. 'ஆளைக் காலி பண்ணிட்டு உள்ளே வந்தான், வந்து கோலும் வாங்கினான்' என்பார்கள். அப்புறம் பேங்க் எக்ஸாம்தான்.

எங்களிடம் மூன்றாவது கோல்கீப்பர் இல்லை. ஃபார்வர்டு ஒருவரிடம் போய், 'அண்ணா, ரெண்டு பால் போடுங்களேன்' என்றேன். 'இரு, வர்றேன்' என்றார். வரவில்லை. இன்னொருவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு லேஸைக் கட்ட அவ்வளவு நேரமா ஆகும்? மற்றவர்கள் வட்டமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்தில் எல்லார் முதுகும் என் பக்கம் இருந்ததுபோலத் தோன்றியது. ஒரு வேளை அப்படி இல்லாமலும் இருந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

வேறு வழி இல்லாமல் நானே பந்தை கோல் போஸ்ட்டில் எறிந்து, திரும்பி வருவதைப் பிடிக்கப் பார்த்தேன். போஸ்ட் உருண்டை, பந்தும் உருண்டை. பட்டால் அது நினைத்த பக்கம் போகும். முதல் தடவை பந்து கோலுக்குள்ளேயே ஓடியது, இரண்டாவது தடவை கார்னர் கொடி வரைக்கும். அதைத் துரத்திக்கொண்டு நான் ஓடினேன். வேலிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு நின்ற யாரோ சிரித்தார்கள். மாட்ச் ஆடக் கிடைத்த அன்றைக்கு, ஆட வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது.

பந்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, மைதானத்தின் மறுபாதியிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். எதிர் டீம் ஷார்ட்ஸ், மேலே என்னுடையதுபோலவே ஒரு பனியன், ஆனால் ஆரஞ்சு நிறம். கையில் கிளவுஸ். நடுக்கோட்டை ரொம்ப இயல்பாகத் தாண்டினார். மாட்சுக்கு முன்னால் அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் எதிர்ப்பக்கம் வருவதில்லை. விதி ஒன்றும் இல்லை, வழக்கம் அப்படி.

'நீ செகண்ட் தானே?' என்றார்.

'ஆமாங்க.'

'நானும் செகண்ட்தான். பார்த்துகினுதான் இருந்தேன். போய் உள்ள நில்லு.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'உங்க டீம்ல திட்ட மாட்டாங்களா?' என்று கேட்டேன்.

'திட்டுவாங்க. டைம் இல்ல, கைய காட்டு.'

அவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள், ஒரு கோல்கீப்பருக்குக் கொஞ்சம் உயரம் கம்மி. அதனால்தான் இரண்டாவது ஆளாகவே இருக்கிறாரோ என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது. அவர் பந்தைக் கீழே வைத்து, குழந்தைக்குப் போடுகிற மாதிரி நேராக என்னை நோக்கி உருட்டினார். எடுத்தேன். மறுபடி உருட்டினார். மறுபடி எடுத்தேன். அப்புறம் நெஞ்சுக்கு நேராக, மெதுவாக. என்னடா இவ்வளவு சுலபமாகப் போடுகிறாரே என்று நினைக்கும்போதே, விரல்களில் ரத்தம் ஓட ஆரம்பித்தது தெரிந்தது. பிறகு வலது பக்கம் கொஞ்சம் தள்ளி, இடது பக்கம் கொஞ்சம் தள்ளி. ஒரு பந்தைக்கூட என்னால் எட்ட முடியாத இடத்துக்கு அவர் அனுப்பவில்லை. பிறகு பக்கவாட்டுக்குப் போய் இரண்டு கிராஸ் தூக்கிப் போட்டார். குதித்துப் பிடித்தேன். தரையில் விழுந்து எழுந்தபோது சட்டையில் மண் ஒட்டியது. அப்போதுதான் நான் ஒரு கோல்கீப்பர் என்று எனக்கே நினைவு வந்தது.

மறுபாதியிலிருந்து அவர்கள் கோச் கத்தினார். 'டேய், இன்னாடா பண்ணிகினு கீறே அங்க? எந்த டீம்டா நீ?'

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கி, 'ரெண்டு நிமிசம் சார்!' என்றார். என்னிடம், 'டாஸ் போட்ற கேப்டனாண்ட சொல்லு, காத்து அந்தப் பக்கம் அடிக்குது' என்று ஆரம்பித்துவிட்டு, 'வேணாம், அது எங்க டீமுக்கு துரோகம்' என்று தன்னையே அடக்கிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

ரெஃபரி வந்துவிட்டார். நான் கடைசியாக வந்த பந்தைக் கொஞ்சம் நழுவவிட்டேன். அவர் விடவில்லை. 'இன்னொண்ணு. கடைசி பால் கையில நிக்கணும். அதோடதான் உள்ள போவணும்' என்று சொல்லி, நேராக மார்புக்கு ஒன்று அடித்தார். இறுக்கிப் பிடித்தேன். 'அவ்ளோதான், போ' என்றார். அவர் திரும்பி நடந்தார். அவர்கள் கோச் அவரை என்னவோ சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய் பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு வருடமாக நான் உட்காரும் அதே மாதிரியான ஓரம்.

மாட்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பந்து உயரமாக வந்தது, பிடித்தேன். வழுக்கவில்லை. முதல் பாதியில் ஒரு கார்னரில் கூட்டத்தின் நடுவில் அவர்கள் ஆள் தலையால் முட்டி கோல் போட்டுவிட்டார். அதை எந்த கோல்கீப்பரும் பிடித்திருக்க மாட்டான் என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம், எல்லா கோல்கீப்பரும் அப்படித்தான் சொல்வோம். இரண்டாம் பாதியில் நாங்கள் ஒன்று போட்டு சமன் செய்தோம். கடைசியில், முடிய ஒரு சில நிமிடங்களே இருந்தபோது, அவர்களுடைய விங் ஆட்டக்காரர் டிஃபென்ஸைத் தாண்டித் தனியாக வந்துவிட்டார். நான் முன்னால் ஓடினேன். அவர் அடித்தார். தாழ்வான ஷாட், தரையில் குத்தி வந்தது. கையை நீட்டிப் பாய்ந்தேன். பந்து உள்ளங்கையில் பட்டு முன்னால் விழுந்தது. அதன்மேல் அப்படியே படுத்துவிட்டேன்.

பந்தைக் கட்டிக்கொண்டு தலையைத் தூக்கியபோது என் கண் எதிர் பெஞ்சுக்குத்தான் போனது. அங்கே எல்லாரும் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பந்து போட்டவரும் வைத்துக்கொண்டிருந்தார். கைதட்டவில்லை, சிரிக்கவில்லை. தன் டீமுக்குக் கைநழுவிப் போன கோலை நினைத்து உண்மையாகவே வருத்தப்பட்டார். அதைப் பார்த்தபோது அவர்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது.

ஒன்றுக்கு ஒன்று, டிரா. எங்கள் ஆட்கள் வந்து தோளில் தட்டினார்கள். காலையில் குத்திப் பேசிய டிஃபென்ஸ்காரர் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. குடித்துவிட்டு, எனக்குப் பந்து போட்டவரைத் தேடிப் போனேன். அவர்கள் டீம் மர நிழலில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் மட்டும் மைதானத்தின் மூலையில் பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலை எனக்குத் தெரியாதா? நானும் குனிந்து பொறுக்கினேன்.

'ரொம்ப தேங்க்ஸ்ங்க' என்றேன்.

'இன்னாத்துக்கு? கடைசி பால வுட்டிருந்தீனா நான் தேங்க்ஸ் சொல்லிருப்பேன். பாவி, அத போய் புடிச்சிட்டியே' என்றார்.

'கோச் ரொம்பத் திட்டினாரா?'

'அது டெய்லி திட்றதுதான்.' பையின் வாயைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்: 'உனுக்கு இன்னிக்கு கெடச்சிது. எனுக்கு எப்போன்னு தெரில. கெடைக்கிற அன்னிக்கு எவனாவது பால் போடணும் இல்ல? அதான்.'

நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எங்கே, எப்போது என்று தெரியாத ஒன்றுக்கு எப்படி வாக்குக் கொடுப்பது என்று தயங்கினேன். அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். குன்றத்தூருக்கு பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மதியம் வீட்டுக்குப் போனபோது அப்பா சர்ச்சிலிருந்து வந்து வேட்டியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். 'இன்னிக்கு நான் ஆடினேன்ப்பா' என்றேன். பேப்பர் கீழே இறங்கியது. 'முழு மாட்ச்சா?' என்றார். ஆமாம் என்றேன். அம்மா கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, 'ஏன்டா, ஒரு போன் பண்ணக் கூடாதா? பிரசங்கத்துக்கு நடுவுலயே எழுந்து ஆட்டோ பிடிச்சு வந்திருப்பேனே' என்றார். குரல் உடைந்திருந்தது. போன் பையில்தான் இருந்தது. கூப்பிட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. யாரும் வர மாட்டார்கள் என்று அவ்வளவு பழகிப்போயிருந்தேன்.

சாயந்திரம் பம்மலுக்குப் போனேன். அந்த வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். அண்ணா பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'என் வெரல் போச்சு, சரி. உனுக்கு எவன்டா பால் போட்டான்?' என்பதுதான்.

விரல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கும் முன்பே கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும்போதும் அவருக்கு அந்த யோசனைதான் ஓடியிருக்கிறது. டீமில் யாருக்கும் தோன்றாத கேள்வி. நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த டிஃபென்ஸ்காரரைப் பார்த்து, 'எதிர் டீம்காரன் வந்து போட்ருக்கான். நீங்கல்லாம் இன்னாத்த பண்ணிகினு இருந்தீங்க?' என்றார். அவர் எழுந்து டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். நான் அழுதுவிட்டேன். அண்ணா நல்ல கையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, 'தரை சரியில்ல. அதுக்கு நீ இன்னா பண்ணுவே' என்றார். எனக்கு எந்த வக்கீலும் தேவைப்படவில்லை.

பாக்கி இருந்த மாட்ச்கள் எல்லாவற்றிலும் நான்தான் நின்றேன். ஒன்று ஜெயித்தோம், மற்ற இரண்டில் தோற்றோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அண்ணா மாவுக்கட்டோடு வந்து, ஒரு கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, காலால் எனக்குப் பந்து அடித்துக் கொடுத்தார். அடுத்த சீசனில் அவர் குணமாகி வந்துவிட்டார், நான் மறுபடியும் பெஞ்சுக்குப் போனேன். ஆனால் பேங்க் கோச்சிங் பேச்சு எழவில்லை. அதற்கடுத்த வருடம் வேறொரு கிளப் என்னை அழைத்தது. இப்போது அங்கே நான்தான் முதல் கோல்கீப்பர்.

குன்றத்தூர்க்காரரை நான் மறுபடி பார்க்கவில்லை. அடுத்த சீசனில் அவர்களோடு மாட்ச் வந்தபோது ஆவலாகச் சீக்கிரமே போனேன். பெஞ்ச் ஓரத்தில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். விசாரித்தபோது, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு மாட்ச்சாவது ஆடினாரா என்று கேட்டேன். சொன்னவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இல்லன்னுதான் நெனக்கிறேன்' என்றார். பெயரைச் சொன்னார்கள், நம்பரும் கொடுத்தார்கள். அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

கோல்கீப்பர் என்றால் தனி ஆள்தான். பந்து மறுபாதியில் இருக்கும்போது பேசவும் ஆள் இருக்காது. முன்பெல்லாம் அந்த நேரங்களில் மனசு சுருங்கிப்போகும். எனக்குக் கிடைத்த முதல் மாட்சுக்கு என்னைத் தயார் செய்து அனுப்பியவர், தனக்கு என்றைக்குமே கிடைக்காத ஒன்றுக்கு வேறொருவனைத் தயார் செய்தார் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தப் பெரிய மைதானத்தில் தனியாக நிற்பது இப்போது எனக்கு அவ்வளவு தனிமையாக இல்லை.